ராக் அண்ட் ரோல் பாடிய நம்ம பாபு

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். "கவிதை மட்டும் வேணாம்ப்பா, ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்கு!" சரி, நிலாவையும் காதலையும் கவிஞர்களிடமே விட்டுவிட்டேன். விஞ்ஞானக் கட்டுரை எழுத நம் கல்லூரியில் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே, பெயரைச் சொன்னாலே எங்கள் வீட்டில் அப்பா முகம் மாறிவிடுகிற ஒரு மனிதரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவர்தான் ஜே.பி. சந்திரபாபு.

"காமெடி நடிகர்தானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், நடிகர்தான். ஆனால் நான் எழுத வந்தது பாடகர் சந்திரபாபுவைப் பற்றி. கர்நாடக ராகத்திலேயே ஊறிக் கிடந்த தமிழ் சினிமாப் பாட்டுக்குள் மேல்நாட்டுத் துள்ளலைக் கொண்டுவந்து இறக்கியவர்களில் முன்வரிசைக்காரர் அவர். சில பேர் அவரை 'தமிழ்நாட்டு எல்விஸ் பிரெஸ்லி' என்கிறார்கள். எனக்கு இந்தப் பட்டம் பிடிக்காது. ஏன் என்று கேளுங்கள்.

எல்விஸ் பிரெஸ்லி என்ற 19 வயதுப் பையன் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் தன் முதல் இசைத்தட்டுக்காகப் பாடியது 1954ஆம் ஆண்டு ஜூலை மாதம். (அப்போது அவர் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? ஓர் எலக்ட்ரிகல் கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எலக்ட்ரிகல் துறை நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!) பில் ஹேலி என்பவர் பாடிய 'ராக் அரவுண்ட் த கிளாக்' பதிவானதும் அதே 1954ல்தான். அது உலகம் முழுக்கப் பரவியது அடுத்த வருஷம்.

நம்ம பாபு? ஏவி.எம். எடுத்த 'பெண்' படம் வந்ததும் 1954. அதில் எஸ். பாலச்சந்தர் நடிக்க, கல்யாணத்தைப் பற்றி ஒரு குதியாட்டப் பாட்டு வரும். பாலச்சந்தர் யாரென்றால் பின்னாளில் வீணை மேதையாகப் புகழ்பெற்றாரே, அவரேதான். அந்தப் பாட்டுக்குப் பின்னணிக் குரல் சந்திரபாபு. ஒரு வீணை வித்வானுக்கு மேல்நாட்டு பாணியில் ஒருவர் குரல் கொடுக்கிறார் என்றால் எப்படியிருக்கும்! இன்று கேட்டாலும் கால் தானாக ஆடும். ஆக, மெம்பிஸில் எல்விஸ் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோ வாசலில் நின்ற அதே வருஷம் நம்ம ஆள் கோடம்பாக்கத்தில் பாடி முடித்துவிட்டார். யாரைப் பார்த்தும் காப்பியடிக்க அவருக்கு நேரமே இருந்திருக்காது!

அப்படியானால் இந்தச் சங்கதி அவருக்கு எங்கிருந்து வந்தது? அதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டும்.

சந்திரபாபு பிறந்தது தூத்துக்குடியில், 1927 ஆகஸ்ட் 5ஆம் தேதி. அன்றைக்குத் தூத்துக்குடியில் பனிமய மாதா திருநாள். அதனால் பிள்ளைக்குப் பனிமயதாஸ் என்று பெயர். அப்பா ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். 'சுதந்திர வீரன்' என்று பத்திரிகை நடத்தியவர். வெள்ளைக்கார சர்க்கார் சும்மா விடுமா? குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தது. பாபு படித்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். கொழும்பு ஒரு துறைமுகப் பட்டணம். போர்த்துக்கீசியர் விட்டுப்போன பைலா ஆட்டம் ஒரு பக்கம், இங்கிலீஷ் இசைத்தட்டுகள் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம், சிங்களம் ஒரு பக்கம். இதெல்லாம் காதில் விழாமல் ஒரு பையன் அங்கே தெருவில் நடந்திருக்க முடியாது. பின்னாளில் 'சுராங்கனி' பாடி நம்மையெல்லாம் ஆட வைத்த சிலோன் மனோகர் வந்ததும் அதே மண்ணிலிருந்துதானே!

இதில் எனக்கு ஒரு விஷயம் வியப்பு. அமெரிக்காவில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்றொரு பாடகர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர்தான் 'யோடலிங்' என்ற பாட்டு முறையை இசைத்தட்டு மூலம் பிரபலமாக்கியவர்களில் பெரிய ஆள். ராக் அண்ட் ரோலுக்கு விதை போட்டவர் என்று 1986ல் அமெரிக்காவில் அவருக்குத் தனி மரியாதையே செய்தார்கள். அவர் முதன்முதலில் இசைத்தட்டுக்காகப் பாடியது 1927 ஆகஸ்ட் 4ஆம் தேதி. நம்ம பாபு பிறந்ததற்கு முந்தின நாள்! அங்கே ரோட்ஜர்ஸ், இங்கே ரோட்ரிக்ஸ் மகன். இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. சும்மா சொல்லிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

யோடலிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: மலைநாட்டு மாடு மேய்க்கிறவர்கள் இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்குக் கூப்பிடுகிற குரல். நெஞ்சிலிருந்து வருகிற கனத்த குரலில் ஆரம்பித்து, ஒரு நொடியில் தலைக்குரலுக்குத் தாவி, மறுபடி இறங்க வேண்டும். சாதாரணப் பாடகர்கள் இந்த இரண்டு குரலுக்கும் நடுவில் இருக்கிற ஒட்டு வெளியே தெரியாமல் மறைக்கத்தான் பல வருஷம் சாதகம் செய்வார்கள். யோடலிங்கில் தலைகீழ். அந்த ஒட்டு 'டப்'பென்று உடைவது காதில் விழ வேண்டும். மெக்கானிகல் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கிளட்ச் மிதிக்காமல் கியர் மாற்றுவது. பல் சக்கரம் உடையாமல் மாற்றத் தெரிந்தவன் கெட்டிக்காரன்!

சந்திரபாபுவுக்கு அது சர்வ சாதாரணமாக வந்தது. அவர் பாட்டு சுத்தமான ராக் அண்ட் ரோல் என்று நான் வாதாட மாட்டேன். அது ஒரு கலவை. அதில் யோடலிங் இருக்கும், பைலா இருக்கும், மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரர் பேச்சு இருக்கும், நாலு வரி தாண்டினால் திடீரென்று தொண்டையை அடைக்கிற ஒரு சோகமும் இருக்கும். 'புதையல்' படத்தில் (1957) பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுத்தில், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் காதலிக்காக அவர் பாடியதைக் கேளுங்கள். அதே ஆள் 'மரகதம்' படத்தில் (1959) ஜமுனாராணியோடு 'குங்குமப்பூவே' பாடுகிறார். 'அன்னை'யில் (1962) கண்ணதாசனின் தத்துவம். 'மணமகன் தேவை'யில் (1957) 'பம்பரக் கண்ணாலே'. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனால் முதல் இரண்டு விநாடியிலேயே குரல் யாருடையது என்று சொல்லிவிடலாம்.

ஒலிப்பதிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எங்கள் துறைக்கு அவமானம். எல்விஸ் பாடிய ஸ்டுடியோவில் ஒரு தந்திரம் செய்தார்கள். இரண்டாவது டேப் ரெக்கார்டர் ஒன்றை வைத்து, பதிவு செய்கிற ஹெட்டுக்கும் திருப்பிப் பாடுகிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியால் வருகிற தாமதத்தைக் குரலோடு சேர்த்தார்கள். டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, இடைவெளி 2 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் சுமார் 0.13 விநாடி. ஒரு குரல் இரண்டாகக் கேட்கும், கிணற்றுக்குள் கூப்பிட்ட மாதிரி. நம்ம சென்னை ஸ்டுடியோவில் ஆர்கெஸ்ட்ரா முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பாடகர் நடுவில். ஒருத்தர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. அந்த நெருக்கடியில் நின்றுகொண்டு, குரலை உடைத்து உடைத்துச் சேர்த்திருக்கிறார் இவர்.

சினிமாவுக்குள் அவர் சுலபமாக நுழையவில்லை. 1943ல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. 1947ல் 'தன அமராவதி'யில் ஒரு சின்ன வேஷம். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஸ்டுடியோ வாசல் வாசலாக அலைச்சல். 1952ல் மனம் வெறுத்து உயிரையே விடத் துணிந்து, காப்பாற்றப்பட்டு, கோர்ட்டில் நின்றார். அங்கே ஒரு தீக்குச்சியைப் பற்ற வைத்துத் தன் கையைச் சுட்டுக்கொண்டு, சுடுவதை நீங்கள் பார்க்கலாம், சூடு எனக்குத்தான் தெரியும் என்ற பொருளில் நீதிபதியிடம் பேசினார் என்பார்கள். அந்த வருஷமே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வாய்ப்புக் கிடைத்தது. 1958ல் பி.ஆர். பந்துலுவின் 'சபாஷ் மீனா'. சிவாஜி கணேசனோடு போட்டி போட்டுக்கொண்டு இரட்டை வேஷம். அந்தக் கதையை 1962ல் இந்தியில் எடுத்தபோது இவர் வேஷத்தில் நடித்த மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. ஏவி.எம்.மின் 'சகோதரி' (1959) படம் முடிந்த பிறகு, சுவாரசியம் போதவில்லை என்று இவருடைய பால்காரர் காட்சிகளைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். படம் பிழைத்தது. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் பாடி, அவர் பாராட்டியதும் உரிமையோடு அவர் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அந்த ஆள் செய்யக்கூடியவர்தான்!

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு இரண்டு குழித்தறி. கோர்வைப் புடவை நெய்கிறோம். தெரியாதவர்களுக்கு: உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று. ஒரு ஆளால் ஆகாது. அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் கரை நாடாவை வாங்கித் திருப்பிப் போடப் பக்கத்தில் ஒருத்தர் வேண்டும். எட்டாம் வகுப்பு வரை லீவு நாளில் அது நான்தான். இப்போது அம்மா.

எதிர் வீட்டுத் தறி என் தாய்மாமாவுடையது. மாமாவுக்குச் சந்திரபாபு என்றால் உயிர். சின்ன வயதில் இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டே முழுப் பாட்டையும் யோடலிங்கோடு மனப்பாடம் செய்தவர். ஆடி மாசம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும்போது ஆர்கெஸ்ட்ராவில் மாமா மேடையேறினால் தெருவே கூடும். அப்பாவும்தான். மாமாவுக்கு மாலை போட்டுத் தோளில் தூக்கியவரே அப்பாதான் என்று அம்மா சொல்வாள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை இது.

பிறகு மாமாவுக்குச் சொந்த ட்ரூப் வைக்க ஆசை வந்தது. நெசவு கொடுக்கிற முதலாளி ஒருவரிடம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். ஜாமீன் அப்பா. ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. முதல் வருஷம் அமர்க்களம். இரண்டாவது வருஷம் ஒரு திருவிழாவில் பாட்டு நடுவிலேயே ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. பேசிய தொகை வரவில்லை. மூன்றாவது வருஷம், ஒரே ஒரு ஆள் ட்ராக் கேசட்டைப் போட்டுவிட்டுப் பாடினால் போதும் என்று ஊரே மாறிவிட்டது. தபேலாக்காரரும் கிடார்காரரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். முன்பணம் போகவில்லை. ஆறு வருஷம், ஒவ்வொரு புடவைக் கூலியிலும் பிடித்துக்கொண்டே வந்தார்கள். மாமா கூலியில் மட்டுமில்லை, எங்கள் ஒரு தறியின் கூலியிலும். அக்கா ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தினதுக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாட்டு என்றால், "சந்திரபாபு கதிதான் வரும், தெரிஞ்சுக்கோ!" நான் ஆறாம் வகுப்பில் பள்ளி விழாவில் பாடிப் பரிசு வாங்கி வந்தபோதும் அதே வசனம்தான். அப்பா அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. அந்த ஒரு வரிதான்.

அப்படியென்ன கதி அது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் சந்திரபாபுவைப் படிக்க ஆரம்பித்தேன். உண்மையில் அவருக்கு என்ன நடந்தது? 1958ல் கல்யாணம். மனைவி மனதில் வேறொருவர் இருப்பது தெரிந்ததும் அவரைத் தடுக்காமல் அனுப்பி வைத்தார். பாக்கியராஜின் 'அந்த 7 நாட்கள்' படத்தைப் பார்க்கிறவர்கள் இன்றும் இந்தச் சம்பவத்தைப் பேசுகிறார்கள். கண்ணதாசன் சொந்தமாக எடுத்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்தில் இவர்தான் கதாநாயகன். படம் போகவில்லை, கவிஞருக்கும் கவலை வந்ததுதான் மிச்சம். அடுத்து, எம்.ஜி.ஆரை வைத்துத் தானே 'மாடி வீட்டு ஏழை' என்று படம் எடுக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றது. ஆசை ஆசையாகக் கட்டிய பெரிய வீடு கடனில் போயிற்று. 1966ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கினார். அதுவும் கைகொடுக்கவில்லை. நடுவில் குடி. யாரையும் முகத்துக்கு நேரே பேசிவிடும் வாய். 1974 மார்ச் 8ஆம் தேதி இறந்தபோது 46 வயதுதான். தன் உடலைச் சிறிது நேரம் நண்பர் எம்.எஸ். விஸ்வநாதன் வீட்டில் வைக்க வேண்டும் என்று விரும்பினார் என்பார்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வரவுப் பக்கம் முழுக்கப் பாட்டும் நடிப்பும். செலவுப் பக்கத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை! அவரை முக்கியமாகச் சாய்த்தது படத் தயாரிப்பு, கைமீறிய கடன். மாமா கதையும் அதேதான். பாடினதற்காக மாமா ஒரு ரூபாய் இழக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் வாங்கினதற்காகத்தான் இழந்தார்.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "கணக்கு நல்லாத்தான் போட்டிருக்கே. அக்கா படிப்பை எந்தப் பக்கம் எழுதினே?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

புகைந்துபோன அந்த ஆம்ப்ளிஃபயர் மாமா வீட்டுப் பரண்மேல் இருபது வருஷத்துக்கு மேலாகக் கிடந்தது. சென்ற செமஸ்டர் லீவில் அதை இறக்கினேன். மாமா "விட்றா தம்பி, அது செத்துப் போச்சு" என்றார். மூடியைக் கழற்றினால் எலிப்புழுக்கையும் நூல் தூசியும். மல்டிமீட்டரை வைத்தேன். அவுட்புட்டில் இருந்த 2என்3055 ட்ரான்சிஸ்டரில் இரண்டு ஷார்ட். பவர் சப்ளையில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இட்லி மாதிரி உப்பியிருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மர் நல்ல நிலையில்! நண்பர்களே, முதல் வருஷத்தில் நாம் முணுமுணுத்துக்கொண்டே படித்த பாடம்தான் இது. ஆறு வருஷக் கூலியை விழுங்கின பெட்டிக்குள் கெட்டுப்போயிருந்தது இந்த மூன்று பொருள்தான். அன்றைக்குப் பக்கத்தில் ஒரு டிப்ளமோ பையன் இருந்திருந்தால்? சரி, ட்ராக் கேசட்டை எந்த டிப்ளமோவாலும் நிறுத்தியிருக்க முடியாது. அதையும் யோசித்தேன்.

பாகங்கள் வாங்கி, சால்டர் செய்து, மெயின்ஸ் கொடுக்கும் முன் சீரியல் லாம்ப் போட்டுச் சோதித்து (லேப் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி!), கடைசியில் மைக்கைச் செருகினேன். மாமா ரொம்ப நேரம் மைக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்ல ஒரு யோடலிங் எடுத்தார். மேல்குரலுக்குப் போகும்போது காற்றுதான் வந்தது. வயசு. மறுபடி எடுத்தார். மூன்றாவது தடவை அந்த ஒட்டு 'டப்'பென்று உடைந்து குரல் மேலே ஏறியது. எதிர் வீட்டில் எங்கள் தறி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

அப்பா வந்து வாசலில் நின்றார். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கு யார்கிட்ட பணம் வாங்கினே?"

"யார்கிட்டயும் வாங்கலப்பா. 210 ரூபா. டிபன் காசுல மிச்சம் பிடிச்சது."

"பில் இருக்கா?"

இருந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். நாலாய் மடித்து, கூலிச் சீட்டுகளைப் போட்டு வைக்கிற தகர டப்பாவில் வைத்துவிட்டுப் போய்த் தறியில் உட்கார்ந்தார். மாமா என்னைப் பார்த்து, "எந்தப் பாட்டுடா, ஆண்டு விழாவுக்கு?" என்று ரகசியமாகக் கேட்டார்.